அவர் ஓட்டினார், நான் பேசினேன்

எங்கள் வீட்டில் விமானம் ஓட்டுகிறவர் என் கணவர். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுகிறவள் நான். விமானம் கணினித் திரைக்குள் இருக்கிறது. கோபுரத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர் ஆஸ்திரியாவிலோ பெல்ஜியத்திலோ தன் வீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். இப்படி உலகம் முழுவதும் ஆட்கள் இருக்கிறார்கள். சம்பளம் இல்லை, யாரும் கட்டாயப்படுத்துவதுமில்லை. உண்மையான கோபுரத்தில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே உயரம் சொல்லி, திசை சொல்லி, எங்களைப் போன்றவர்களின் பொய் விமானங்களை வரிசைப்படுத்தி இறக்குகிறார்கள். எல்லாம் ஆங்கிலத்தில்.

இதை நான் எங்கள் ஊரான ஊர்காவற்றுறையில் ஒருவருக்கும் சொன்னதில்லை. நாற்பத்தாறு வயது ஆங்கில ஆசிரியை, பின்னேரங்களில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு மலைகளுக்கு நடுவே விமானம் இறக்குகிறாள் என்றால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

இவர் கடற்றொழில் செய்தவர். நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு காலை, தொழிலுக்குப் போய் நல்லபடியாகத் திரும்பி, வள்ளத்தைக் கரையில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அடியில் போட்ட உருளைக்கட்டை வழுக்கியது. வள்ளம் சாய்ந்து இவரை முதுகுப்புறமாகக் கல்லில் அடித்தது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம். யாழ்ப்பாணத்தில் சத்திர சிகிச்சை செய்தார்கள். தடியை ஊன்றி நடக்கலாம். முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம், கூடினால் ஒன்றரை மணித்தியாலம் கதிரையில் இருக்கலாம். கடலுக்குப் போக ஏலாது. வைத்தியர் அதைச் சொன்னபோது இவர் தலையாட்டிவிட்டு, "வீட்டை எப்ப போகலாம் ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

வள்ளத்தை என் அண்ணன் எடுத்துக்கொண்டார். மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போய்விட்டாள். நான் விடிவதற்கு முன்பே வேலைக்குப் புறப்படுகிறவள். ஆக, பகல் முழுவதும் வீட்டில் இவரும் ஒரு தொலைக்காட்சியும்தான்.

பிரான்சில் இருக்கிற இவருடைய தம்பி, தன் மகன் பாவித்துவிட்டுத் தள்ளிவைத்த கணினியை ஒரு பெரிய பெட்டியில் போட்டு அனுப்பினார். அதோடு ஒரு கைப்பிடியும் வந்தது. தடி மாதிரி நின்று, எந்தப் பக்கம் சாய்த்தாலும் விமானம் அந்தப் பக்கம் சாயும். படம் பார்க்கலாம் என்றுதான் அனுப்பியிருப்பார். இவர் படம் பார்க்கவில்லை. அதில் இருந்த விமான விளையாட்டுக்குள் இறங்கினார்.

முதல் மாதம் பலாலி விமான நிலையத்திலிருந்து கிளம்பித் தீவுகளின் மேலே சுற்றினார். நயினாதீவும் நெடுந்தீவும் திரையில் தட்டையாகக் கிடந்தன. பிறகு ஒரு நாள் நான் வேலையால் வந்து பார்க்கிறேன், திரை முழுவதும் பனிமூடிய மலைகள்.

"இதென்ன இடம்?" என்று கேட்டேன்.

"நேபாளம். காட்மண்டு. தெற்கால வந்து, மலைக்கு மேலால ஏறி, அந்தப் பக்கம் சடாரெண்டு இறங்கோணும்."

"கடலுக்கு மேல பறந்தா என்ன?"

"கடலைப் பாக்கிறதுக்கு எனக்குப் பிளேன் வேணுமோ?"

அதன்பிறகு மலைதான். சுவிற்சர்லாந்து, ஆஸ்திரியா, பூட்டான். பள்ளத்தாக்குக்குள் வளைந்து வளைந்து போய் இறங்குகிற இடமாகப் பார்த்துத் தேடுவார். எத்தனையோ தரம் மோதினார். முதுகைக் கொஞ்சம் நிமிர்த்திவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார். ஒரு நாள் நான் கேட்டேன், ஏன் இந்தக் கரைச்சலான இடங்களையே தேடிப்போகிறீர்கள் என்று. மோதிய விமானத்தைத் திரும்பவும் ஓடுபாதையில் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு சொன்னார்:

"என்ர முதுகு உடைஞ்சது கரையில. அதுக்கு ஆரைப் பிழை சொல்லுறது? கட்டையையோ? இதில மோதினா, எங்க பிழை விட்டனான் எண்டு தெரியும். அடுத்த தரம் திருத்தலாம்."

இணையத்தில் அந்தக் கட்டுப்பாட்டாளர்களின் வலையமைப்பை எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியாது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே பலபேர் ஆங்கிலத்தில் வேகவேகமாகப் பேசுகிற சத்தம். போய்ப் பார்த்தால் இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார். இப்படியே மூன்று நான்கு வாரம் கேட்டார். பேசவில்லை. பிறகு ஒரு பின்னேரம் நான் சமைத்துக்கொண்டிருக்க, குசினி வாசலில் தடியோடு வந்து நின்றார்.

"இஞ்சரும், எனக்கு ஒரு உதவி செய்வீரோ?"

இவர் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. விபத்துக்குப் பிறகு தண்ணீர்கூடக் கேட்டு வாங்கமாட்டார்; தானே தட்டித் தடவி எழுந்து போவார். அதனால் என்னவென்று கேட்காமலே ஓம் என்றேன்.

"நான் ஓட்டுறன். நீர் கதையும்."

நான் சிரித்தேன். பிறகுதான் அவர் விளையாடவில்லை என்று விளங்கியது.

இருபத்தொரு வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இலக்கணம் கேட்டால் சொல்வேன். பிள்ளைகள் சோதனையில் சித்தியடைகிறார்கள். ஆனால் ஆங்கிலம் பேசுகிற ஒருவரோடு ஆங்கிலம் பேசி நான் பழகியதில்லை. வகுப்பிலும் ஆங்கிலத்தைத் தமிழில்தான் விளங்கப்படுத்துவேன். பாதிப்பேர் அப்படித்தான் என்று சொல்லி என்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன்.

முதல் நாள் காதுக்கருவியைப் போட்டுக்கொண்டு இருந்தேன். என்ன சொல்லவேண்டும் என்பதைத் தாளில் எழுதிப் பத்துத் தரம் வாசித்திருந்தேன். பொத்தானை அமத்தினேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. என் மூச்சு மட்டும் போயிருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், அழைத்தது யார், திரும்பச் சொல்லுங்கள் என்றது. அமைதியான, பழகிய குரல். நான் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன்.

"என்னப்பா, நீர் இங்கிலீசு ரீச்சர்தானே?" என்றார் இவர். அவர் குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குசினிக்குப் போய்த் தேங்காய் துருவினேன். அழுதது அவருக்குத் தெரியாது என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு வீம்பு வந்துவிட்டது. ஒரு கொப்பி எடுத்தேன். விமானிகள் பேசுகிற வசனங்களை ஒவ்வொன்றாக எழுதினேன். எண்களை அவர்கள் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்கிறார்கள், அதையும் பழகினேன். நான் வேலை செய்வது நெடுந்தீவில். காலை ஐந்து மணிக்கு முன்பே எழுந்து, இவருக்குச் சமைத்து மூடிவைத்துவிட்டு, பஸ் பிடித்துக் குறிகட்டுவானுக்குப் போய், அங்கேயிருந்து படகு. கடல் ஆடினால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அந்த ஒரு மணித்தியாலமும் வாய்க்குள் வசனங்களைச் சொல்லிக்கொண்டு போவேன். என்னோடு வருகிற ஆசிரியை ஒருவர், "அக்கா இப்ப ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லுறா, வீட்டுக்காரருக்கு நேர்த்தியாக்கும்" என்று மற்றவர்களுக்குச் சொன்னாராம். நான் மறுக்கவில்லை.

இரண்டு மாதத்தில் பேசிவிட்டேன். முதல் தரம் முழுவதையும் பிழையில்லாமல் சொல்லி, அந்தப் பக்கத்திலிருந்து சரியென்று பதில் வந்தபோது இவர் என் தோளில் தட்டினார். கல்யாணம் கட்டிய புதிதில் தட்டியது போல. நானும் சந்தோசப்பட்டேன். இல்லையென்று சொன்னால் பொய்.

ஆனால் சந்தோசம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? நெடுந்தீவிலிருந்து நான் வீட்டுக்கு வந்து சேர ஐந்து மணி தாண்டும். உப்புக்காற்றில் முகம் எரியும். படகு ஆடி வயிற்றைப் புரட்டி யாராவது சத்தி எடுத்திருப்பார்கள், அந்த மணம் சேலையில் இருக்கும். தண்ணி வார்த்துக் குளித்து, இரவுச் சாப்பாட்டுக்கு மாவைக் குழைக்க நினைத்துக்கொண்டு வந்தால், இவர் தலையணையை முதுகுக்கு வைத்து ஆயத்தமாக இருந்துகொண்டு அவசரப்படுத்துவார்.

"இண்டைக்கு இன்ஸ்புரூக்கில ஆள் இருக்கு. கெதியா வாரும்."

ஐரோப்பாவில் அப்போது மத்தியானம். எங்களுக்கு வசதியான நேரம் என்று அவர் நினைத்தார். நான் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அங்கே சொல்வதைக் கேட்டு, ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லி, அதே கையோடு இவருக்குத் தமிழில் சொல்லவேண்டும். "இடப்பக்கம் திரும்பட்டாம். ஒன்பதாயிரத்து ஐந்நூறடியில நிக்கட்டாம்." ஒரு நாள் முழுவதும் வகுப்பில் கத்திவிட்டு வந்து, திரும்பவும் இரண்டு மொழியில் ஒரு மணித்தியாலம். பேசாமல் எழுத்தில் அனுப்பவும் அந்த வலையமைப்பில் இடம் இருந்தது. ஒரு நாள் களைப்பில் அதைச் செய்து பார்த்தேன். நான் தட்டச்சில் ஒரு வரி முடிப்பதற்குள் விமானம் மலையில் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு வியாழக்கிழமை என் பொறுமை முடிந்தது. அன்று படகு நடுக்கடலில் இயந்திரம் நின்று அரை மணித்தியாலம் மிதந்தது. வீட்டு வாசலில் கால் வைத்ததும் இவர், "கெதியா, கெதியா" என்றார்.

"எனக்கு ஏலாது" என்றேன். "நாள் முழுக்கக் கத்திப்போட்டு வாறன். வந்து உங்கட பொய்ப் பிளேனுக்கும் கத்தோணுமோ? என்னை ஒரு மனிசியா நினைக்கேல்லையோ நீங்கள்?"

அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். கணினியை நிறுத்தினார். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்தார். அடுத்த நாள் அதைத் திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. இரண்டு கிழமை அந்தத் திரை கறுப்பாகவே கிடந்தது. நான் வருகிற நேரம் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். கேட்டால் பதில் சொல்வார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பதினைந்தாம் நாள் நானே கணினியைத் திறந்தேன். "வாங்கோ, ஆள் இருக்கோ எண்டு பாப்பம்" என்றேன். அவர் உடனே வந்தார். வந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

இன்ஸ்புரூக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அந்த ஊர் இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே இருக்கிறது. கிழக்கிலிருந்து மேகத்துக்கு மேலால் வந்து, பள்ளத்தாக்கின் கோட்டைப் பிடித்துக்கொண்டு, படி இறங்குவது போல இறங்கவேண்டும். இரண்டு பக்கமும் மலை. குறித்த உயரத்துக்கு வந்தும் ஓடுபாதை கண்ணில் படவில்லையென்றால் யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது. உடனே மேலே ஏறி, சொன்ன பக்கம் திரும்பிவிடவேண்டும். தாமதித்தால் திரும்ப இடம் இருக்காது.

அங்கே அடிக்கடி இருக்கிற கட்டுப்பாட்டாளர் ஒரு வயதான மனிதர். பெயர் தெரியாது. பேச்சுக்கு நடுவே இருமுவார். இருமலுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடர்வார். நாங்கள் அவரை இருமல்காரர் என்போம். இருமல்காரர் இருந்தால் எனக்குப் பயம் குறைவு. நான் தடுமாறினால் காத்திருப்பார்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் மாணவர் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி. காலையிலிருந்து வெயிலில் நின்று, ஓடுகிற பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடி, விழுந்தவர்களுக்கு மருந்து போட்டு, படகில் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வரும்போது என் கால்கள் என்னுடையவை போல இல்லை. இவர் அன்று கெதியா என்று சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணுமெண்டால் விடுவம்" என்றார்.

"இல்லை, பரவாயில்லை" என்றேன். திரும்பவும் அந்தக் கறுப்புத் திரையைப் பார்க்க எனக்கு மனமில்லை.

இருமல்காரர்தான் இருந்தார். அன்று அவருக்கு ஐந்தாறு விமானங்கள் சேர்ந்துவிட்டன. நாங்கள் மேகத்துக்கு மேலே வட்டமடித்துக் காத்திருந்தோம். பிறகு எங்களுக்கு இறங்க அனுமதி தந்தார். நான் திருப்பிச் சொன்னேன். "இறங்கலாமாம்" என்று இவருக்குச் சொன்னேன். இவர் தலையாட்டினார். விமானத்தின் மூக்கு மெல்லத் தாழ்ந்து வெள்ளை மேகத்துக்குள் போனது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை. கதிரையில் இருந்தபடியே நித்திரையாகிவிட்டேன்.

நடந்ததைப் பிறகு இவர் சொல்லித்தான் தெரியும். எங்களுக்கு முன்னால் போன விமானத்துக்கு ஓடுபாதை தெரியவில்லை. அது மேலே ஏறித் திரும்பியிருக்கிறது. அதனால் எங்களையும் இறங்காமல் மேலே ஏறச் சொல்லி இருமல்காரர் கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டார். என் காதில் இருந்த கருவிக்குள்ளும் மேசையில் இருந்த ஒலிபெருக்கியிலும் அந்தக் குரல் போய்க்கொண்டிருக்க, நான் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. மூன்றாம் தரம் அவர் இருமவில்லையாம். குரல் உயர்ந்ததாம்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி என் முன்னால் இருந்த ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினார்.

எனக்கு விழிப்பு வந்தது அந்த நேரம். கண்ணைத் திறக்கவில்லை. யாரோ ஆங்கிலம் பேசுவது கேட்டது. குரல் இவருடையது.

"சேர். மை வைஃப் ஸ்லீப்பிங். வெரி டயேர்ட். ஸ்லோ ஸ்பீக், சேர். ஐ ட்ரை."

அப்போது எனக்கு எழுந்து ஒலிவாங்கியைப் பறித்து மன்னிப்புக் கேட்கவேண்டும் போல இருந்தது. உடம்பு அசையவில்லை. பிறகு இருமல்காரர் பேசினார். மற்ற விமானங்களை எல்லாம் காத்திருக்கச் சொன்னார். அதன்பின் எங்களுக்கு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, ஒவ்வொரு சொல்லாக விட்டு விட்டுச் சொன்னார். ஏறு. இடப்பக்கம் திரும்பு. ஒன்பது, ஐந்து; ஒன்பதாயிரத்து ஐந்நூறு அடி.

"கிளைம்ப். லெஃப்ட். நைன், ஃபைவ்" என்றார் இவர். எண்ணைச் சரியாகவே சொன்னார். நான் சொல்கிற அதே இழுவையோடு.

நான் கண்ணை மெல்லத் திறந்து பார்த்தேன். திரையில் மேகம் கிழிந்து ஒரு மலைச்சரிவு மிகக் கிட்டவாக, கறுப்பாக, வலப்பக்கத்தில் கடந்து போனது. இவர் கைப்பிடியை இடப்பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார். நெற்றியில் வியர்வை. ஏறி, திரும்பி, வட்டமடித்து, இரண்டாம் தரம் கோட்டைப் பிடித்தார். இந்த முறை மேகம் விலகியது. பள்ளத்தாக்கும் ஆறும் ஊரும், அதன் நுனியில் ஓடுபாதையும் தெரிந்தன. சக்கரம் தரையில் பட்ட சத்தம் வந்தபோது நான் மூச்சு விட்டேன். அவருக்கு அது கேட்டிருக்கும்.

இருமல்காரர் நன்றாகச் செய்தீர்கள் என்றார். கொஞ்சம் இருமினார். பிறகு, மனைவியை எழுப்பவேண்டாம், நித்திரை கொள்ளட்டும் என்று மெதுவாகச் சொன்னார்.

"தாங்க் யூ, சேர்" என்றார் இவர்.

நான் நிமிர்ந்து இருந்தேன். கழுத்து நொந்தது.

"ஏன் என்னை எழுப்பேல்ல?"

"நீர் நித்திரை."

"நித்திரையெண்டாத்தானே எழுப்புறது."

"மனம் வரேல்ல."

"உங்களுக்கு இவ்வளவு இங்கிலீசு வருமெண்டு ஏன் சொல்லேல்ல?"

அவர் ஓடுபாதைக்கு வெளியே நின்ற விமானத்தின் இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். அதில் அவசரமே இல்லை.

"ஒரு வருசமா உமக்குப் பக்கத்தில இருந்து கேக்கிறன். வரத்தானே செய்யும்" என்றார். பிறகு, "வருமெண்டு சொன்னா நீர் வரமாட்டீர்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பகல் முழுக்கத் தனிய இருக்கிறன். பின்னேரம் நீர் வந்தா குசினிக்குள்ள. பேந்து கொப்பி திருத்துவீர். பேந்து நித்திரை. இதில எண்டா ஒரு மணித்தியாலம் எனக்குப் பக்கத்தில இருப்பீர்."

அவருக்கு நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று இப்போதும் யோசிக்கிறேன். அன்று எழுந்துபோய்த் தேத்தண்ணி வைத்தேன். தண்ணி கொதிக்கும்வரை அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். முதலில் கோபம் வந்தது. பேசத் தெரிந்துகொண்டே என்னை இந்தப் பாடு படுத்தினாரே என்று. பிறகு, விபத்துக்குப் பின் நானாக அவருக்குப் பக்கத்தில் சும்மா போய் இருந்த நாள் எதுவென்று யோசித்துப் பார்த்தேன். மருந்து கொடுக்கப் போயிருக்கிறேன். எண்ணெய் பூசப் போயிருக்கிறேன். சாப்பாடு வைக்கப் போயிருக்கிறேன். சும்மா போனதாக நினைவு வரவில்லை.

இது தெரிந்தபிறகு என் களைப்பு குறைந்துவிட்டது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். குறையவில்லை. முன்பு முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தேன். இனி அதற்கும் வழியில்லாமல் போனது, அவ்வளவுதான். படகு அதே படகு. ஊருக்குக் கிட்ட இடமாற்றம் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு அந்த வருடமும் பதில் வரவில்லை.

ஆனால் ஓர் ஒழுங்குக்கு வந்தோம். வேலை நாட்களில் அவரே பேசினார். சனிக்கிழமை நான் போய் இருந்தேன். அவருடைய ஆங்கிலம் வசனமாக வராது. சொல்லும் எண்ணும் மட்டும்தான். சில கட்டுப்பாட்டாளர்கள் பொறுமையில்லாமல் தொடர்பைத் துண்டித்தார்கள். ஒருவர் இவரைக் கேலி செய்தார். அதை இவர் விளங்கிக்கொள்ளவில்லை, நானும் மொழிபெயர்க்கவில்லை. இருமல்காரர் மட்டும் இவர் வந்தால் தன் பேச்சைத் தானே மெதுவாக்கிக்கொள்வார்.

கார்த்திகை மாதத்தில் கடல் கெட்டது. நான் காலையில் நெடுந்தீவுக்குப் போனபோது ஓரளவு இருந்தது. பின்னேரம் படகு விடமாட்டோம் என்றுவிட்டார்கள். இறங்குதுறையில் மழைக்குள் ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டு, உள்ளூர் ஆசிரியை ஒருவரின் வீட்டுக்குப் போனேன். அவருடைய சேலையை வாங்கி உடுத்துக்கொண்டு இவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"படகு இல்லை. நாளைக்கும் தெரியாது."

"தெரியும். காத்துச் சத்தம் இஞ்சயும் கேக்குது. நீர் பத்திரமா நில்லும்."

"சாப்பாடு?"

"பாண் கிடக்கு. முட்டை பொரிச்சனான்."

"நிண்டுகொண்டோ?"

"கதிரையை இழுத்து வைச்சுப் பொரிச்சனான்" என்றார். பிறகு குரலில் ஒரு சின்னக் குதூகலம். "இண்டைக்குப் பிரான்சில ஒரு இடத்தில இறக்கினனான். ஏரிக்குப் பக்கத்தில, மூண்டு பக்கமும் மலை. ஒரு பொம்பிளைப் பிள்ளை கொன்ட்ரோலில. ஒரு சொல்லும் திருப்பிக் கேக்கேல்ல."

"நல்லது" என்றேன். எனக்கு உண்மையாகவே சந்தோசம். கூடவே, நான் இல்லாமலே எல்லாம் நடக்கிறது என்று ஒரு சின்ன நோவும் இருந்தது. இதற்குத்தானே ஆசைப்பட்டாய் என்று என்னையே கேட்டேன். அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை. படுத்ததும் நித்திரை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் கடல் அடங்கியது. படகில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சனம். ஊர்காவற்றுறையில் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வந்தேன். இவர் கணினிக்கு முன்னால் இல்லை. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். இரண்டு நாளும் அளவுக்கு மீறிக் கதிரையில் இருந்திருக்கிறார், முதுகு பிடித்துவிட்டது. எழுந்து நிற்கவே ஏலாமல் கிடந்தார். கோப்பைகள் கழுவாமல் கிடந்தன. எனக்கு ஏச வாய் வந்தது. ஏசவில்லை. எண்ணெயைச் சூடாக்கி வந்து பூசினேன்.

"இண்டைக்கு வேண்டாம்" என்றார், திரையைக் காட்டி.

"ஓம். இண்டைக்கு வேண்டாம்."

எண்ணெய்ப் போத்தலை மூடினேன். குசினிக்குள் வேலை மலைபோலக் கிடந்தது. நான் போகவில்லை. கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். படகில் ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்ததையும், அலை அடித்தபோது கிழவர் தன் தலையை நனையவிட்டு அதன் தலையைத் துவாயால் மூடியதையும் சொன்னேன்.

"குட்டி சத்தி எடுத்ததோ?" என்று கேட்டார் இவர்.

"இல்லை. நான்தான் எடுத்தனான்."

அவர் சிரித்தார். முதுகு இழுத்து நொந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பவும் சிரித்தார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. நான் விளக்கைப் போட எழும்பவில்லை.